கடலுக்குச் செல்லும் நீர் வீணா?

மேட்டூர் அணை நிரம்பி வழியும் ஆண்டுகளில் தமிழ்நாடெங்கும் ஒரு சொற்றொடர் தவறாமல் ஒலிக்கிறது. காவிரி நீர் வீணாகக் கடலில் கலக்கிறது என்பதே அது. செய்தித்தாள்கள் அதனைத் தலைப்பாக்குகின்றன. மேடைகள் அதனை முழங்குகின்றன. தேநீர்க் கடைத் திண்ணையில் அமர்ந்திருப்போரும் அதனையே சொல்லிப் பெருமூச்செறிகின்றனர். காரியாபட்டி வட்டாரத்தில் அச்சொற்றொடர் ஏனைய இடங்களைவிட ஆழமாகத் தைக்கிறது. கொள்ளிடத்தில் நொடிக்கு நூறாயிரம் கன அடிக்கு மேல் நீர் பாயும் ஆடித் திங்களிலேயே குண்டாறு வெறும் மணலாய்க் கிடக்கிறது. கண்மாய்களின் உட்பரப்பில் ஆடுகள் மேய்கின்றன. வானம் பார்த்த மண்ணில் பருத்தியும் பயறும் விதைத்து ஏமாந்து, ஏரை விட்டுத் தீப்பெட்டித் தொழிலுக்கும் வெடித் தொழிலுக்கும் கைகளை ஒப்படைத்த குடும்பங்கள் விருதுநகர் மாவட்டத்தில் மிகப் பல. இத்தகைய மண்ணில் வாழ்வோர் கடலிற் சேரும் வெள்ளத்தை எண்ணி மனம் வெதும்புவது இயல்பே.

ஆனால், வருத்தத்திற் பிறந்த சொல் எல்லாம் மெய்ச்சொல் ஆகிவிடாது. கடலுக்குச் செல்லும் காவிரி நீர் மெய்யாகவே வீணா என்பதைத் தமிழர் ஒருமுறை நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. காரியாபட்டிக் கண்மாய்களே விடை கூறும்.

இவ்வட்டாரத்துக் கண்மாய் எதுவும் தனித்து நிற்பதன்று. மேற்கண்மாய் நிரம்பினால் கலுங்கின் வழியே மறுகால் பாயும். அந்நீர் ஓடையாய்ச் சென்று கீழ்க்கண்மாயை நிரப்பும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்த கண்மாய் நிரம்பும். மறுகால் பாயும் நீரை மேலூரார் வீண் என்று கூறுவதில்லை. கூறினால் கீழூரார் பொறுப்பதும் இல்லை. கலுங்கின்மேல் மண்மூட்டை அடுக்கி நீரைத் தேக்கிக்கொள்ளும் ஊரைக் கீழூர் மக்கள் கள்வராகவே கருதுவர். மேலூரின் மிகுதி கீழூரின் உரிமை என்பது எழுதாச் சட்டமாய் இம்மண்ணில் நிலைத்த முறை. இம்முறையைக் குடகிலிருந்து கடல்வரை நீட்டிப் பார்த்தால், காவிரியின் கடைசிக் கண்மாய் எது என்னும் வினா எழும். தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறை, நாகை மாவட்டங்களின் கடைமடையும், அதற்கப்பாலுள்ள கழியும் காடும் கடற்கரையுமே அக்கடைசிக் கண்மாய்.

கடலுக்குத் தமிழில் வழங்கும் பழம்பெயர்களுள் ஒன்று முந்நீர். ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் என்னும் மூன்றும் கூடியதால் அப்பெயர் பெற்றது என்று சிலர் பொருள் கொண்டனர். சிலப்பதிகாரத்திற்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் அதனை ஏற்கவில்லை. நிலத்தைப் படைத்தல், அழித்தல், காத்தல் ஆகிய மூன்று செயல்களை உடைய நீர் ஆதலால் முந்நீர் எனப்பட்டது என்று அவர் விளக்கினார். கழிமுக நிலம் தோன்றுவதையும் தேய்வதையும் இன்றைய நிலநூலார் ஆய்ந்து கூறுவனவற்றிற்கு இதனினும் சுருங்கிய பிழிவு கிடைத்தல் அரிது. அம்மூன்று செயல்களும் ஒருங்கே நிகழும் இடம் காவிரியின் கழிமுகம்.

முதலாவது, படைத்தல். குடகு மலையில் தோன்றும் காவிரி ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலை அடைகிறது. 81,000 சதுரக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பின் மழைநீர் அதில் வடிகிறது. நீரோடு மலைமண்ணும் வருகிறது. திருச்சிராப்பள்ளியைக் கடந்ததும் நிலத்தின் சரிவு குறைகிறது, ஓட்டம் தளர்கிறது, சுமந்து வந்த வண்டலை ஆறு இறக்கி வைக்கிறது. படுகை மேடாகவே, ஆறு வேறு வழி தேடிக் கிளை பிரிகிறது. முக்கொம்பில் கொள்ளிடமும், கல்லணையில் வெண்ணாறும், அவற்றின் கீழே குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், மண்ணியாறு, வெட்டாறு எனப் பலவும் விசிறிபோல் விரிந்தன. ஒவ்வொரு கிளையும் தன் வாயில் வண்டலைக் கொட்டியது. கடலலை அதனைக் கரைநெடுகப் பரப்பி மணல்மேடாக்கியது. வேதாரணியம் என வழங்கும் திருமறைக்காட்டுப் பக்கத்தில் வரிசை வரிசையாய்க் கிடக்கும் பழைய மணல்மேடுகள், நிலம் கடலுக்குள் படிப்படியாக முன்னேறியதன் தடங்களே. தமிழகத்தின் நெற்களஞ்சியம் எனப் போற்றப்படும் நிலம் காவிரி ஈன்ற நிலம். கடலுக்கு ஒரு சொட்டும் விடாத காவிரியாக அஃது இருந்திருப்பின் அந்நிலம் உருவாகியிருக்காது.

இரண்டாவது, அழித்தல். ஆறு கடலிற் புகும் இடத்திற்குப் புகார் என்று பெயர். அப்பெயர் பூண்ட பெருநகரைக் கடல் கொண்டதை மணிமேகலை கூறுகிறது. பூம்புகாரை அடுத்த கீழையூரில் 1960களில் நடந்த அகழாய்வில் செங்கல்லால் கட்டிய பழைய படகுத்துறை வெளிப்பட்டது. அதற்குத் தெற்கே தரங்கம்பாடியில், அவ்வூர் சடங்கன்பாடி எனப்பட்ட நாளில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. கடற்கரை ஒருநாளும் அசையாமல் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் அலைகள் கரைமணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கித் தள்ளுகின்றன. ஓரிடத்திலிருந்து போகும் மணலுக்கு ஈடாக ஆற்றிலிருந்து புதுமணல் வந்தால் கரை நிற்கும். வாராவிட்டால் கரை தேயும். வண்டல் நிலம் தன் எடையாலேயே இறுகிச் சிறிது சிறிதாகத் தாழ்வதும் உண்டு. ஆண்டுதோறும் வந்து படியும் புதுவண்டலே அத்தாழ்வை ஈடு செய்வது.

மூன்றாவது, காத்தல். ஆற்றின் நன்னீரும் கடலின் உப்புநீரும் கலக்கும் கழிகளில் அலையாத்திக் காடுகள் வளர்கின்றன. அலையை ஆற்றுவதால் அப்பெயர் வந்தது என்பர் மக்கள். வெள்ளாற்று முகத்திற்கும் கொள்ளிட முகத்திற்கும் இடையே பிச்சாவரத்திலும், கோரையாறு, பாமணியாறு முதலியன கடலை அணுகும் முத்துப்பேட்டையிலும் இக்காடுகள் உள்ளன. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாளில் பிச்சாவரக் காட்டின் பின்புறமிருந்த சிற்றூர்கள், வெட்டவெளிக் கரையில் இருந்த ஊர்களைவிடக் குறைவாகவே துன்புற்றன. அக்காட்டை உயிரோடு வைத்திருப்பது கடலை நோக்கி வரும் நன்னீர்தான்.

படைத்தலும் காத்தலும் ஓங்கி நின்றவரை அழித்தல் அடங்கியிருந்தது. அந்நிறைகோலைச் சாய்த்தவர் மாந்தர். 1836ஆம் ஆண்டு ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார். தாழ்ந்து ஆழமாகிய கொள்ளிடம் நீரை எல்லாம் ஈர்த்துக்கொள்ள, மேடாகிய காவிரி வறண்டு வந்த நிலையை மாற்ற அந்த அணை உதவியது. பின்னர், 1930களின் தொடக்கத்தில் கண்ணம்பாடி அணையும், 1934ஆம் ஆண்டு மேட்டூர் அணையும் எழுந்தன. அவற்றையடுத்துப் பவானி, அமராவதி, கபினி, ஏமாவதி, ஆரங்கி என்று துணையாறுகளிலும் அணைகள் எழுந்தன. இவை செய்த நன்மையை மறைத்தல் அறமாகாது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் போன்ற கேடுகளை மேட்டூர் அணை மட்டுப்படுத்தியது. பல நூறாயிரம் உழவருக்கு முறையான பாசனம் தந்தது. ஆயின் அணை நீரை மட்டும் தேக்குவதில்லை, வண்டலையும் தேக்குகிறது. மதகு திறந்ததும் வெளிவருவது வண்டலை உதிர்த்துவிட்ட தெளிநீரே. கண்மாய்க் கரம்பையை வண்டி வண்டியாய் அள்ளித் தன் புன்செய்க்கு உரமாக்கும் காரியாபட்டி உழவருக்கு வண்டலின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அக்கரம்பை இன்று மேட்டூரின் அடியில் கிடக்கிறது, கழிமுகத்திற்கு வருவதில்லை.

அணையைத் தாண்டி எஞ்சியிருந்த மணலை மணற்கொள்ளை அள்ளிக்கொண்டது. காவிரியிலும் கொள்ளிடத்திலும் நெடுங்காலம் நடந்த மணல் அகழ்வு ஆற்றுப் படுகையைத் தாழ்த்தியது. 2018ஆம் ஆண்டு ஆகத்து மாத வெள்ளத்தில் திருச்சிராப்பள்ளியின் பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. அம்மாதம் 22ஆம் நாள் முக்கொம்பு மேலணையின் ஒன்பது கதவுகள் அடித்துச் செல்லப்பட்டன. படுகை தாழ்ந்ததும் இதற்கொரு கரணியம் என்று பலரும் சுட்டிக்காட்டினர். படுகை தாழ்ந்த ஆற்றில் கடல்நீர் எளிதாக ஏறும். மேலிருந்து நன்னீரின் அழுத்தம் குறையக் குறைய, கீழிருந்து உப்பு முன்னேறும். கொள்ளிடத்தின் கடைப்பகுதியில் கடல்நீர் உட்புகுவதையும், கரையோரக் கிணறுகள் உவர்ப்பதையும் அங்குள்ள உழவர் ஆண்டுதோறும் முறையிடுகின்றனர். ஆழ்குழாய்க் கிணறுகள் நிலத்தடி நன்னீரை உறிஞ்சுவதால் உப்பு நிலத்தின் அடியிலும் நுழைகிறது. 1990களில் விளைநிலங்களிடையே இறால் பண்ணைகள் பெருகி உப்பைப் பரப்பின. 1996ஆம் ஆண்டு திசம்பரில் உச்சநீதிமன்றமே கரையோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புரைக்கும் அளவுக்கு அக்கேடு முற்றியது. நன்னீர் குறைந்த முத்துப்பேட்டைக் காட்டில், மிகுந்த உப்பைத் தாங்கும் ஒரே கண்டல் வகை மேலோங்கி, ஏனைய மரவகைகள் அருகின.

இவற்றோடு ஞாலம் முழுவதற்கும் பொதுவான இடர் ஒன்றும் சேர்ந்துள்ளது. 1901ஆம் ஆண்டிலிருந்து உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. உயரும் விரைவும் கூடி வருகிறது. நிலம் தாழ, கடல் உயர, வண்டல் நின்றுபோயின் கடைமடை என்னாகும்? 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் திருமறைக்காட்டின் அருகே கரை கடந்த கசா புயல், அந்நிலம் எத்துணை மெலிந்து நிற்கிறது என்பதைத் தென்னந்தோப்புகளை வீழ்த்திக் காட்டிச் சென்றது.

ஏனைய நாடுகளின் பட்டறிவும் இதனையே உரைக்கிறது. எகிப்து நாட்டில் 1970ஆம் ஆண்டு அசுவான் உயரணை முடிந்தபின் நைலாற்று வண்டல் அணைக்குள் முடங்கியது. உரோசெட்டா முனையைக் கடல் அரித்தல் விரைவுற்றது. சிந்து ஆற்றில் 1955ஆம் ஆண்டு கோத்திரித் தடுப்பணை வந்தபின், அணைக்குக் கீழே செல்லும் நன்னீர் குன்றிக்கொண்டே வந்தது. தட்டா வட்டாரத்து வயல்களில் உப்புப் பூத்தது. உழவரும் மீனவரும் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். அங்கும் கடலுக்குச் செல்லும் நீர் வீண் என்றே பேசப்பட்டது.

தமிழ்நாட்டில் இவ்வெண்ணம் எத்துணை ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதற்குக் காவிரி நடுவர் மன்றத்தின் கணக்கே சான்று. 2007ஆம் ஆண்டு பிப்பிரவரி 5ஆம் நாள் வந்த இறுதித் தீர்ப்பு, காவிரியின் ஆண்டு நீரைச் செய்தித்தாள்கள் டி.எம்.சி. என எழுதும் அலகில் 740 என்று கணக்கிட்டது. ஓர் அலகு நூறு கோடி கன அடி. அதில் தமிழ்நாட்டிற்கு 419, கருநாடகத்திற்கு 270, கேரளத்திற்கு 30, புதுவைக்கு 7 எனப் பங்கிட்டபின், சூழல் காப்பிற்கு 10 அலகும், தவிர்க்கவியலாமல் கடலுக்குத் தப்பிச் செல்வதாக 4 அலகும் வைத்தது. 2018ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25ஆகக் குறைத்தது. 740இல் 4! அதுவும் உரிமையாக வைத்த பங்கன்று. தடுக்க இயலாமையால் விட்ட கசிவு. கழிமுகத்தை ஈன்ற தாயாறு கழிமுகத்திற்குத் தரவேண்டிய கடன் கசிவுக் கணக்கில் எழுதப்பட்டுள்ளது. வெள்ள ஆண்டுகளில் இதனினும் மிகுதியாக நீர் கடலை அடைவது உண்மையே. ஆயின் வறண்ட ஆண்டுகளில் கடைமடைக்கு வந்து சேர்வது எவ்வளவு என்பதைக் கடைமடையாரைத்தான் கேட்க வேண்டும்.

வீண் என்னும் சொல்லால் தமிழர்க்கு நேரும் இன்னோர் இழப்பும் உண்டு. காவிரியும் அருக்காவதியும் கூடும் இடத்தின் அருகே மேக்கேதாட்டில் ஏறத்தாழ 67 அலகு நீர் கொள்ளும் அணையொன்று கட்டக் கருநாடகம் நெடுங்காலமாக முயல்கிறது. அதற்கு அம்மாநிலம் எடுத்துரைக்கும் வழக்குரைகளுள் ஒன்று, மிகுநீர் கடலில் வீணாகிறது, அதனைத் தேக்கினால் தமிழ்நாட்டிற்கு இழப்பில்லை என்பது. அச்சொல் எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டு மேடைகள் ஆண்டுதோறும் முழங்கிய அதே சொல். தன் வாயாலேயே கடலுக்குச் செல்வது வீண் என்று ஒப்புக்கொண்டவன், அந்நீரை மேலூரான் மறிக்கும்போது எந்த முகத்தோடு உரிமை கோருவான்? கலுங்கை அடைக்கும் மேலூரானுக்கு மண்மூட்டை எடுத்துக் கொடுப்பது இச்செயல்.

இந்நிலையில்தான் காவிரி–வையை–குண்டாறு இணைப்புக் கால்வாய் காரியாபட்டி மக்களின் நெஞ்சில் நம்பிக்கையாய் நிற்கிறது. மாயனூர்க் கதவணையிலிருந்து வெள்ளநீரை ஏறத்தாழ 260 கிலோமீட்டர் கொண்டுவந்து குண்டாற்றில் சேர்க்கும் இத்திட்டத்திற்கு 2021ஆம் ஆண்டு பிப்பிரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கடல் குடிக்க நீர் விட்டுவிட்டு மக்கள் தாகத்தால் சாவதா என்று இங்குள்ளோர் கேட்பர். முறையான கேள்வியே. பெருவெள்ள நாள்களில் கொள்ளிடத்தில் ஓடும் நீரோடு ஒப்பிட்டால் கால்வாய் ஈர்க்கப்போவது சிறு பங்குதான். அச்சிறு பங்கைத் தாகமுள்ள நிலம் பெறுவதில் அறமின்மை யாதுமில்லை. கேடு கால்வாயில் இல்லை. கால்வாய் எந்த எண்ணத்தின்மேல் வெட்டப்படுகிறது என்பதில் உள்ளது. கடலுக்குச் செல்வது எல்லாம் வீண் என்பது அடிப்படையாயின், இக்கால்வாயோடு எதுவும் நிற்காது. அடுத்து ஓர் அணை, அதற்கடுத்து ஒரு கதவணை, பின்னும் ஒரு கால்வாய் என ஒவ்வொன்றும் சிறு பங்கே கேட்கும். எல்லாம் சேர்ந்து முழுப்பங்கையும் விழுங்கும். கடைமடையின் பங்கை முதலில் அளந்து வைத்துவிட்டு எஞ்சியதைப் பகிர்வது அடிப்படையாயின், காரியாபட்டியும் வாழும், கடைமடையும் வாழும்.

ஆகவே செய்யத் தக்கவை சில உள. காவிரியின் ஒவ்வொரு வாய்க்கும் எத்துணை நீரும் எத்துணை வண்டலும் தேவை என்பதை அரசு ஆய்ந்து வரையறுத்தல் வேண்டும்; அதனைக் கசிவாகக் கருதாமல் கடைமடையின் பங்காகச் சட்டத்தில் ஏற்றுதல் வேண்டும். 2020ஆம் ஆண்டு காவிரிப் படுகையைக் காப்புற்ற வேளாண் மண்டலமாக்கிய சட்டம் எண்ணெய், எரிவளிக் கிணறுகள் புதிதாய் வருவதற்கு வேலியிட்டது. மண்ணைக் காக்க முற்பட்ட அச்சட்டத்தின் நோக்கம், மண்ணைப் படைக்கும் நீரைக் காக்காமல் நிறைவுறாது. உப்புநீரைத் தடுக்கக் கட்டும் கதவணைகள் வண்டலைக் கீழே விடும் வகையில் அமைதல் வேண்டும். ஆற்று மணலுக்குப் பகரமாகக் கல்லுடைத்த மணலைப் பயன்படுத்தி, கொள்ளிடப் படுகை மீண்டும் மேடுற விடுதல் வேண்டும். அலையாத்திக் காடுகளுக்குச் செல்லும் சிற்றோடைகளைத் தூர்ந்துபோக விடலாகாது.

காரியாபட்டியின் கடமையும் ஒன்றுண்டு. காவிரியை எதிர்நோக்கும் கண்மாய்கள் இன்று வானத்து நீரையே ஏற்கும் நிலையில் இல்லை. வரத்துக்கால்கள் தூர்ந்துள்ளன, உட்பரப்பைச் சீமைக் கருவேலம் பற்றியுள்ளது, கலுங்குகள் இடிந்துள்ளன. தன் கண்மாயைச் செப்பனிட்ட ஊருக்கே பிறிதோர் ஆற்றின் நீரைக் கேட்கும் தகுதி உண்டு. செப்பனிட்ட கண்மாய்க்குக் காவிரி வந்து சேரும் நாளில், அந்நீர் கடைமடையாரின் வயிற்றிலடித்துப் பறித்ததன்று என்னும் மனநிறைவோடு மடை திறக்கலாம்.

மேட்டூர் மீண்டும் நிரம்பும்; கொள்ளிடம் மீண்டும் கரைபுரளும். அப்போது வீண் என்னும் சொல் தமிழர் வாயில் வாராதிருக்கட்டும். காவிரி கடைமடையைக் கடந்து கடலைச் சேர்ந்தது என்று சொல்லப் பழகுக. கலுங்கு தாண்டிய நீர் கீழ்க்கண்மாயைச் சேர்ந்தது என்று காரியாபட்டியின் முன்னோர் சொல்லிவந்ததும் அம்முறையிலேதான்.